சின்னவனை அழி

மார்ச் 3, செவ்வாய்

காலையில் பதினாலு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்டின் கம்பிவடத்தைச் சரிபார்த்தேன். மாலையில் விஞ்ஞான உலகத்துக்குள் வலது காலை எடுத்து வைத்தேன். லிஃப்டைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அக்கா மகள் குட்டி வெளியூரிலிருந்து அனுப்பிய பொட்டலம் வந்து சேர்ந்தது. பொட்டலம் தலையணை அளவு. பிரித்தால் பஞ்சு, பஞ்சுக்குள் காகிதம், காகிதத்துக்குள் சூயிங்கம் பட்டை அளவில் ஒரு எஸ்எஸ்டி டிஸ்க். இதற்குள் ஆயிரம் ஜிபி இடமாம். அக்கா வீட்டு மாடியில் நான் குடியிருக்கும் அறையில் கட்டிலை நகர்த்தினால்தான் கதவு திறக்கும். எனக்குக் கிடைக்காத இடமெல்லாம் இதற்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

பல் போன காலத்தில் இதைப் படித்துவிட்டு ‘எதற்கடா இந்தக் கூத்து’ என்று நானே கேட்பேன். ஆகவே காரணம். அத்தான் ஏலக்கூடத்தில் முப்பத்தோரு வருடம், “மூணு தரம்” என்று சுத்தியலைத் தட்டி ஏலம் விட்டு முடித்தவர். ஓடாத கடிகாரமோ கால் உடைந்த மேசையோ, அவர் “ஒரு தரம்” என்றால் தெருமுனையில் தூங்கும் நாய்கூட எழுந்து காலைத் தூக்கி விலை கேட்கும். போன மாதம் இருபத்தாறாம் தேதி, அந்தத் தொண்டையைத் திறந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். எடுக்காவிட்டால் ஆளே இல்லை என்றார்கள். அதற்கு முந்திய மூன்று வாரமும் தினம் காலையில் அக்காவின் தையல் அறையில், துணிக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, குட்டி கொடுத்த பட்டியலைத் தன் லேப்டாப்பில் வாக்கியம் வாக்கியமாகப் பேசிப் பதிந்தார். ஆயிரத்து இருநூற்று நாற்பது வாக்கியம். அதைத் தின்று செரித்து, அவர் கீபோர்டில் எதைத் தட்டினாலும் அவர் குரலிலேயே பேசுகிற ஒன்றைக் குட்டி செய்யப் போகிறாள். அதற்கு விண்டோஸ் போதாது, லினக்ஸ் என்கிற இன்னொரு இயங்குதளம் வேண்டும், நிறைய இடமும் வேண்டும். ஆக, ஒரே லேப்டாப்பில் இரண்டு குடித்தனம்: பழைய டிஸ்கில் விண்டோஸ், புதிய டிஸ்கில் லினக்ஸ். குடிவைக்கப் போகிறவன் அடியேன்.

பதினான்காம் தேதி அத்தான் வீடு திரும்புகிறார். அன்றைக்கு ஒரு வார்த்தையாவது அது பேச வேண்டும் என்பது குட்டியின் கணக்கு.

போனில் சொன்னாள்: “மாமா, பழைய டிஸ்க்லதான் அப்பா குரல் இருக்கு. முதல்ல காப்பி எடுத்துடுங்க. அப்புறம் பழசைக் கழட்டி வெளிய வெச்சுட்டு, புதுசை மட்டும் மாட்டி லினக்ஸ் போடுங்க. புரியுதா?”

“அம்மாடி, இருபத்தாறு வருஷமா ஜனங்களை அந்தரத்துல தொங்கவிட்டுப் பிழைக்கிறவன் நான்.”

“அதான் மாமா பயமா இருக்கு.”

மார்ச் 4, புதன்

காப்பி எடுக்கும் வைபவம். என் பென்டிரைவில் லிஃப்ட் கையேடுகளும் ஏதேதோ பழைய படங்களும் குடியிருக்கின்றன. அவற்றை எழுப்ப மனமில்லை. முதல் கோப்புறை ஏற ஆரம்பித்தது. பாதியில் ‘இடம் போதவில்லை’ என்று நின்றது. நாளைக்குப் பெரிதாக ஒன்று வாங்க வேண்டும்.

மாலையில் குட்டி கேட்டாள், காப்பி எடுத்தாச்சா என்று. ஒன்றில் பாதி என்று சொல்ல வாய் எடுத்தேன். வாய் என் பேச்சை என்றைக்குக் கேட்டிருக்கிறது?

“ஒண்ணா? மூணு எடுத்திருக்கேன். பென்டிரைவ்ல ஒண்ணு, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஒண்ணு, பாதுகாப்பா இன்னொரு இடத்துல ஒண்ணு. நிலநடுக்கமே வந்தாலும் உங்கப்பா குரல் அசையாது.”

“சூப்பர் மாமா!”

இது புளுகில்லை. நாளைக்கு எடுக்கத்தானே போகிறேன்? கொஞ்சம் முன்கூட்டியே சொன்ன உண்மை.

மார்ச் 6, வெள்ளி

லேப்டாப்பின் வயிற்றைத் திறந்தேன். பதினோரு ஸ்க்ரூ. ஒவ்வொன்றும் எறும்பின் கண்ணீர் அளவு. நான் வழக்கமாகத் திருகுகிற போல்ட் ஒன்றை உருக்கினால் இதில் நாலாயிரம் செய்யலாம்.

உள்ளே பழைய டிஸ்க், பக்கத்திலேயே காலி இடம். புதியதை அதில் செருகினேன். இரண்டு டிஸ்கும் பார்க்க ஒன்றுபோலவே இருப்பதால், குழப்பம் வராதிருக்கச் சீட்டு எழுதி ஒட்டினேன். முதலில் வந்தவன் பெரியவன். பின்னால் வந்தவன் சின்னவன். எங்கள் வீட்டிலும் அக்கா பெரியவள், நான் சின்னவன். இதைவிடத் தெளிவாக உலகில் எவனாலும் பெயர் வைக்க முடியாது.

பெரியவனைக் கழற்றப் போனேன். ஸ்க்ரூ வரவில்லை. அழுத்தினேன். அதன் தலை மழுங்கிப் போயிற்று. இப்போது அது ஸ்க்ரூ இல்லை, வழுக்கைத் தலை. பிடிக்க ஒன்றுமில்லை. போகட்டும், இருந்துவிட்டுப் போகிறான். அவனைத் தொடாமல் சின்னவனில் மட்டும் போட எனக்குத் தெரியாதா?

பெரிய பென்டிரைவ் வாங்க மறந்துவிட்டேன்.

மார்ச் 7, சனி

போட்டாயிற்று. சின்னவனில்தான் போட்டேன், இரண்டு முறை பார்த்து. மறுபடி துவக்கினால் கறுப்புத் திரை. அதில் ஒரு மூலையில் ஒரு கோடு மட்டும் கண் சிமிட்டுகிறது. என்னைத்தான் கேலி செய்கிறது.

எதை எதையோ அமுக்கினேன். விண்டோஸ் வந்தது, லினக்ஸ் போயிற்று. இன்னொன்றை மாற்றினேன். லினக்ஸ் வந்தது, விண்டோஸ் போயிற்று. இருவரும் ஒரே சமயத்தில் வீட்டில் இருக்க மாட்டோம் என்கிறார்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று அக்கா வருத்தப்படுவதுண்டு. இன்றைக்கு எனக்கு அந்த வருத்தம் இல்லை.

மார்ச் 8, ஞாயிறு

குட்டி போனிலேயே நோயைக் கண்டுபிடித்தாள். “துவக்கி வைக்கிற சின்ன புரோகிராம் துண்டு ஒண்ணு இருக்கும் மாமா. அது புதுசுக்குப் பதிலா பழைய டிஸ்க்ல போய் உக்காந்துடுச்சு. அதுக்குத்தான் பழசைக் கழட்டச் சொன்னேன். கழட்டினீங்களா?”

“கழட்டினேனே.”

“மாமா.”

“...ஸ்க்ரூ வரலம்மா.”

அவள் பெருமூச்சு விட்டது இங்கே ஜன்னல் திரையை ஆட்டியது. “சரி, புதுசை அழிச்சிட்டு மறுபடி போடுங்க. துவக்கித் துண்டையும் அதுலயே வையுங்க. எதுக்கும் காப்பி இருக்கு, பயமில்ல. இருக்குல்ல?”

“இருக்கு இருக்கு.”

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்த இடத்தில் உண்மையைச் சொல்ல இரண்டு விநாடிதான் ஆகியிருக்கும்.

மார்ச் 9, திங்கள்

சின்னவனைக் காணவில்லை. லேப்டாப் அப்படி ஒருவன் இருப்பதாகவே ஒப்புக்கொள்ளவில்லை. மறுபடி பதினோரு ஸ்க்ரூ. திறந்தால், நான் சரியாக முடுக்காததால் ஒரு முனை மேலே எழும்பி, சறுக்கு மரத்தில் ஏறிய பிள்ளை மாதிரி நிற்கிறான். அமுக்கி முடுக்கினேன். வந்துவிட்டான்.

பென்டிரைவ் — நாளைக்குக் கட்டாயம்.

மார்ச் 10, செவ்வாய்

முற்பகல் விடுப்பு எடுத்து உட்கார்ந்தேன். லினக்ஸ் போடும் நிரல் ‘எந்த டிஸ்கில்?’ என்று கேட்கும் இடம்வரை வந்தது. அந்த நேரம் பார்த்து ஆபீஸிலிருந்து போன்: ஓர் அலுவலகக் கட்டடத்தில் எட்டாம் மாடிக்கும் ஒன்பதாம் மாடிக்கும் நடுவே ஏழு பேர் மாட்டிக்கொண்டார்கள். ஓட வேண்டியதாயிற்று. போகிற அவசரத்தில் ஒரு சீட்டு எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினேன்: ‘சின்னவனை அழி. பெரியவனைத் தொட்டால் கொலை விழும்.’ அக்காவிடம், போனில் சொல்கிறபடி செய் என்றேன்.

லிஃப்ட் கூண்டின் உச்சியில் நின்றுகொண்டு போன் செய்தேன். கீழே ஏழு பேரும் ஏழு விதமாக என் வம்சத்தை விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா, திரையில ரெண்டு பேர் இருக்காங்களா?”

“இருக்காங்க.”

“சின்னவனை அமுக்கு. முழுசா அழிச்சுப் போடவான்னு கேக்கும். சரின்னு குடு.”

“சின்னவன்தானே? சந்தேகமே இல்லையே?”

“அக்கா, இங்க ஏழு பேர் மூச்சு முட்டிக் கிடக்கான். அமுக்கு!”

அமுக்கினாள். ஏழு பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்; ஒருவர் மட்டும் நன்றி சொன்னார். மாலையில் வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். பூட் ஆகிறது! கறுப்புத் திரை இல்லை, கண் சிமிட்டல் இல்லை, ஒரே மூச்சில் லினக்ஸ். நான் இட்ட கட்டளையில் ஓர் எளிய தையற்காரி செய்து முடித்தாள். அக்காவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றலாம் போலிருந்தது. அவள் கனத்தை நினைத்து விட்டுவிட்டேன்.

மார்ச் 11, புதன்

விண்டோஸ் எங்கே?

மெனுவில் இல்லை. தேடினேன். இல்லை. டிஸ்குகளின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஆயிரம் ஜிபிக்காரனில் சனிக்கிழமை நான் போட்ட லினக்ஸ் அப்படியே இருக்கிறது. ஐந்நூறு ஜிபிக்காரனில் நேற்றுப் போட்டது. புத்தம் புதிது. வேறு ஒன்றுமில்லை.

ஐந்நூறுதான் பழையவன்.

அக்காவைக் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டு ஊசியைப் பல்லில் கடித்தபடியே வந்தாள்.

“எதை அமுக்கினே?”

“சின்னவனை. நீதானே சொன்னே.”

“சின்னவன்னா பின்னாடி வந்தவன்கா! பெரியவன் மூத்தவன்!”

“திரையில நீ வெச்ச பேரா எழுதியிருக்கு? ஆயிரம்னு ஒண்ணு, ஐந்நூறுன்னு ஒண்ணு. இதுல எவன்டா சின்னவன்? நான் நாள் முழுக்க அளவு பாத்துப் பிழைக்கிறவ. முப்பத்தாறையும் நாப்பதையும் வெச்சு சின்னது எதுன்னு கேட்டா நாப்பதைக் காட்டுவேனா?”

சரிதானே? முழுக்கச் சரி. சீட்டு லேப்டாப்பின் வயிற்றுக்குள் ஒட்டியிருக்கிறது. அதை எவன் பார்ப்பான்? எனக்கு நானே வைத்த பெயர். எனக்கு மட்டும் தெரிந்த பாஷை.

பிறகு அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. “அவர் குரல் அதுலதானே இருந்துச்சு?” ஊசியை வாயிலிருந்து எடுத்தாள். “நான்தான் அமுக்கினேன். நான் போய் அவர் குரலை...” உடனே தானே தேறிக்கொண்டாள். “நீதான் மூணு காப்பி வெச்சிருக்கியே. நல்ல வேளைடா.”

நான் தலையாட்டினேன்.

தலையாட்டினேன்! வாய்தான் புளுகும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

மார்ச் 12, வியாழன்

அழிந்த கோப்புகளை மீட்டுத் தரும் கடை ஒன்று இருக்கிறது. பெரியவனை எடுத்துப் போக வேண்டும், ஆனால் அந்த வழுக்கைத் தலை ஸ்க்ரூ! மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அக்கா வந்து பார்த்தாள். ரப்பர் நாடாவில் ஒரு துண்டு வெட்டி, ஸ்க்ரூவின் தலைமேல் வைத்து, அதன்மேல் திருப்புளியை அழுத்தி ஒரே திருகு. வந்துவிட்டது.

“தையல் மிஷின்ல தேஞ்ச ஸ்க்ரூவை இப்படித்தான் எடுப்பேன். போன வெள்ளிக்கிழமையே என்னைக் கேட்டிருக்கலாம்ல?”

கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் பெரியவன் அன்றைக்கே கழன்று, என் சட்டைப் பையில் பத்திரமாக இருந்திருப்பான்.

கடைக்காரர் அதைத் தன் கம்ப்யூட்டரில் செருகி முக்கால் மணி நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பழைய சுத்துற டிஸ்க்னா தோண்டியாவது எடுத்திருப்பேன் அண்ணே. இது அப்படி இல்ல. அழின்னு சொல்லிட்டா, உள்ளேயே கூட்டித் துடைச்சுட்டுதான் மறு வேலை பாக்கும்.”

“கொஞ்சம்கூடவா?”

“மிச்சமே வைக்காது. ரொம்ப சுத்தக்காரன்.” பிறகு, “காப்பி இருக்கா?” என்றார்.

உலகத்தில் எல்லோரும் என்னை அதைத்தான் கேட்கிறார்கள்.

மார்ச் 13, வெள்ளி

குட்டி: காப்பியை அனுப்புங்க மாமா, நான் வேலையை ஆரம்பிக்கிறேன். நான்: ரெண்டு நாளா நெட் சரியில்லம்மா. அவள்: ரெண்டு நாளா? நான்: இந்தப் பக்கம் எல்லாருக்குமே அப்படித்தான்.

பென்டிரைவில் ஏறியிருந்த முதல் கோப்புறையைத் திறந்து எண்ணினேன். எண்பத்தேழு வாக்கியம். ‘ஜன்னலைத் திற.’ ‘இன்று வெயில் அதிகம்.’ ‘என் செருப்பு எங்கே?’ எண்பத்தேழாவது பாதியில் அறுந்திருக்கிறது. அவ்வளவுதான் ஒரு மனுஷன்.

மார்ச் 14, சனி

அத்தான் வந்துவிட்டார். இளைத்திருக்கிறார். கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் மெல்லிய துணி. அதன் வழியாகத்தான் மூச்சு. எழுதி அழிக்கும் பலகை ஒன்றைக் கயிறு கட்டி மாட்டிக்கொண்டிருக்கிறார். இந்த வீட்டில் முதல் முறையாக, அவர் உள்ளே வரும்போது வாசல் கதவு சாத்துகிற சத்தம் எனக்குக் கேட்டது. இதற்கு முன்னெல்லாம் அவர் பேச்சுதான் அதை மூடிவிடும்.

நேராக மேசைக்குப் போனார். லேப்டாப் மூடியைக் கைக்குட்டையால் துடைத்தார். என்னைப் பார்த்துப் பலகையில் எழுதினார்: ‘பேசுதா?’

அக்கா, “குட்டி கொஞ்ச நாள் ஆகும்னா” என்றாள். அவர் தலையசைத்தார். மறுபடி துடைத்தார்.

நான் மாடிக்கு ஓடி வந்துவிட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

எப்படி ஆரம்பிப்பது என்று காலையிலிருந்து ஒத்திகை. நல்லதாக ஒரு கதைகூடத் தயார் செய்தேன், மின்னல் விழுந்தது, டிஸ்க் வெடித்தது, நான் தீக்குள் பாய்ந்தேன் என்று. அவர் எதிரே போய் உட்கார்ந்ததும் ஒன்றும் வரவில்லை. “அத்தான், காப்பி இல்ல. மூணும் இல்ல. இருக்குன்னு சொன்னது பொய். அக்கா மேல தப்பில்ல, நான் எழுதின சீட்டுதான்.”

அக்கா வாசற்படியில் நின்றிருந்தாள். அவளுக்கும் அப்போதுதான் தெரியும். தையல் அறைக்குள் போய்விட்டாள். மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. நிற்காமல் ஓடியது, துணி வைத்துத் தைக்கிற சத்தமாக இல்லை.

அத்தான் எழுதினார்: ‘எத்தனை இருக்கு?’

“எண்பத்தேழு. ஒண்ணு பாதி.”

பலகையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அழித்தார். எழுதினார்: ‘டேய் புளுகுமூட்டை’. அதற்குக் கீழே இன்னும் ஏதோ எழுத ஆரம்பித்து நிறுத்தினார். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு வேறு எழுதிக் காட்டினார்: ‘எழுதித் திட்டினா பாதியிலேயே கோபம் ஆறிப்போகுது. நல்லாவே இல்லை.’

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

குட்டிக்கும் போன் செய்து சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

மார்ச் 16, திங்கள்

இன்று வீட்டில் யாரும் என்னிடம் பேசவில்லை. அவர்களில் ஒருவருக்குத்தான் குரல் கிடையாது.

மார்ச் 17, செவ்வாய்

மதியம் லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து, அவர் எழுதியதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதித் திட்டினால் நன்றாக இல்லை. பின்னே? வாயால் திட்டினால்தான் அத்தான். எப்பேர்ப்பட்ட திட்டு! நான் வாங்காத திட்டா —

போனை எடுத்தேன்.

அத்தானுக்கு எழுத்துத் தட்டிச் செய்தி அனுப்பப் பொறுமை கிடையாது. எதையும் போனில் பேசிப் பதிந்துதான் அனுப்புவார். எனக்கு ஆறு வருடமாக அனுப்பிக்கொண்டிருந்தார். பென்டிரைவில் பழைய படங்களை எழுப்ப மனமில்லாத சோம்பேறி அல்லவா நான்? இதிலும் ஒன்றைக்கூட அழித்ததில்லை.

இரண்டாயிரம் இருக்கும் என்று எழுதினேன். அடித்துவிட்டேன். எண்ணினேன். நானூற்றுப் பன்னிரண்டு.

குட்டியை அழைத்தேன். மூன்றாவது தடவை எடுத்தாள். சொன்னேன்.

“எத்தனைன்னீங்க?”

“நானூத்திப் பன்னிரண்டு.”

“நிஜமா எத்தனை மாமா?”

“எண்ணினேன்மா. ரெண்டு தடவை.”

“...பின்னாடி இரைச்சல் இருக்கும். ஆனா அப்பாதானே. எல்லாத்தையும் அனுப்புங்க. நடுவுல திட்டு வந்தாலும் பரவாயில்ல, எடுத்துடாதீங்க.”

“நடுவுல இல்லம்மா. திட்டு மட்டும்தான் இருக்கு.”

அவள் சிரித்த மாதிரி இருந்தது. அழுத மாதிரியும்.

மார்ச் 19, வியாழன்

வேலை இதுதான்: ஒவ்வொன்றையும் கேட்டு, அவர் சொன்னதை எழுத்து பிசகாமல் தட்டி, குரலோடு சேர்த்துக் குட்டிக்கு அனுப்ப வேண்டும். ஒரு சொல் மாறினாலும் அந்தக் கருவி தப்பாகக் கற்றுக்கொள்ளுமாம். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. இந்தப் பூமியில் இந்த வேலைக்கு என்னைவிட லாயக்கில்லாதவன் இல்லை.

இன்று தட்டியவற்றில் சில:

“டேய் தடியா, ஏணியைத் திருப்பித் தரேன்னு எடுத்துட்டுப் போய் ரெண்டு வருஷமாச்சு. ஏணி வளர்ந்து மரமாயிருக்கும்டா இந்நேரம்.”

“புளுகா, நீ ஒத்தைக் கையால லிஃப்டைத் தூக்கினேன்னு என் கூடத்துல வந்து சொல்லியிருக்கே. நாலு பேர் அதை நம்பி உன்னையே ஏலத்துக்குக் கேக்குறான்.”

“அக்காவுக்கு உடம்பு சரியில்ல, வர்றியா இல்லியா? வரும்போது வாயைக் கழட்டி வெச்சுட்டு வா.”

அறுபத்து நான்கு முடிந்தது.

மார்ச் 21, சனி

இருநூற்று முப்பது. அக்கா மேலே வந்து வாசலில் நின்று கேட்டாள். ஏழெட்டுக் கேட்டபின் உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். “அதை இன்னொரு தடவை போடு” என்றாள். அந்த ஏணியை. இரண்டு நாளாக எனக்கு வைக்காத டீயை இன்று வைத்தாள்.

மார்ச் 22, ஞாயிறு

லேப்டாப்பையும் இன்று ஒழுங்கு செய்தேன். குட்டி குரலைச் சமைப்பது லினக்ஸில், அத்தான் அதை வைத்துப் பேசப் போவது விண்டோஸில். இரண்டும் வேண்டும். இந்த முறை அவள் சொன்னதை அவள் சொன்னபடியே. ஒருவனை முழுதாக வெளியே எடுத்து மேசைமேல் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்துவிட்டு, மற்றவனை மட்டும் மாட்டிப் போட்டேன். பிறகு மாற்றி. சீட்டுகளைக் கிழித்தாயிற்று. ஐந்நூறு, ஆயிரம், அவ்வளவுதான் பெயர். துவக்கினால் மெனுவில் இருவரும் மேலும் கீழுமாக நிற்கிறார்கள். எவனைக் கூப்பிட்டாலும் வருகிறான்.

கர்ஜிக்க வேண்டிய தருணம். கர்ஜனை வரவில்லை. மூடியைத் துடைத்துவிட்டு மூடினேன்.

மார்ச் 24, செவ்வாய்

நானூற்றுப் பதினொன்று முடிந்தது. கடைசி ஒன்றின் பக்கத்தில் நீலப் புள்ளி. நான் திறக்கவே இல்லை. பிப்ரவரி இருபத்தாறு, காலை ஏழு பத்து. அறுவை சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால். நான் அப்போது லிஃப்ட் பள்ளத்துக்குள் இருந்தேன். வெளியே வந்தபோது உள்ளே கொண்டுபோய்விட்டார்கள் என்று போன் வந்தது, ஓடினேன். அதற்கப்புறம் — வழக்கமான திட்டுதானே, பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று.

மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டேன். பத்தொன்பது விநாடி. எழுத்து பிசகாமல்:

“டேய். குட்டி ஒரு டிஸ்க் அனுப்புவா. அதை நீ போடாதே. தெரிஞ்சவன்கிட்ட குடு. கேட்டியா? ...எங்க கேக்கப் போறே, நீதான் போடுவே. சரி, போடு. பாத்துப் போடு. அக்காவைத் தனியா விட்டுடாதே. கூப்பிடுறாங்க, வைக்கிறேன்.”

இதற்கு மேல் இன்று எழுத முடியாது.

ஏப்ரல் 4, சனி

குட்டி நேற்றே வந்துவிட்டாள். இன்று காலை எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். மெனு வந்தது. விண்டோஸைத் தேர்ந்தெடுத்தேன். வந்தது. அத்தான் இரண்டு விரலால் தட்டினார், கோழி கொத்துகிற மாதிரி. பொத்தானை அமுக்கினார்.

“தண்ணி வேணும்.”

அத்தான் குரல்! சில இடங்களில் தகரம் தட்டுகிறது, ஒரு சொல்லை விழுங்கிவிட்டது. ஆனால் அவரேதான். ஒரே ஒரு விசேஷம், தண்ணீர் கேட்டது ஏதோ நான் அவர் கிணற்றைத் திருடிக்கொண்டு போனதுபோல் இருந்தது. நானூற்றுச் சொச்சம் திட்டில் வளர்ந்த குரல், வேறெப்படி இருக்கும்? “நல்லா தூங்கினேன்” என்றாலும் அதட்டல், “சந்தோஷம்” என்றாலும் அதட்டல்.

குட்டி, “கொஞ்சம் மென்மையாக்கிப் பாக்குறேன்ப்பா” என்றாள். அத்தான் அவசரமாகக் கையை ஆட்டித் தடுத்தார். தட்டினார்.

“தொடாதே. இப்பதான் நல்லா இருக்கு.”

அக்கா தண்ணீர் கொண்டுவர எழுந்தவள், சமையலறை வாசலில் எங்களுக்கு முதுகு காட்டிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனாள்.

அக்கா தண்ணீரோடு வந்ததும் அத்தான் என் பக்கம் திரும்பினார். தட்டினார்.

“காப்பி எடுத்தியாடா?”

“எடுத்தேன் அத்தான்.”

“எத்தனை?”

“மூணு.”

மூவரும் என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்கப் போவதில்லை.

“எண்ணு.”

சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை எடுத்து மேசைமேல் வைத்தேன். புதியது, வேறெதுவும் இல்லாதது. அக்காவின் ஊசிப் பெட்டியைத் திறந்து இன்னொன்றை எடுத்து வைத்தேன். மூன்றாவது குட்டியின் கம்ப்யூட்டரில். அவள் அதைத் திறந்து, ஓடவிட்டுக் காட்டினாள். ஏணி, மரமாயிருக்கும்டா இந்நேரம். இரண்டு பென்டிரைவிலும் சீட்டு ஒட்டியிருந்தேன். குட்டி தன்னுடையதில் கோப்புறைக்கே மூன்றாவது பெயரை வைத்திருந்தாள். வரிசையாகப் படித்தேன்.

“ஒரு தரம். ரெண்டு தரம். மூணு தரம்.”

அத்தான் பென்டிரைவ் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தார். பொத்தானை அமுக்கவில்லை. விரல் முட்டியால் மேசைமேல் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.